ஏரிக்கரைக்கு எவ்வளவு காற்று?

1863ஆம் ஆண்டு மே 30. பல்லாவரத்தில் படை அணிவகுப்புத் திடலில் சரளைக்காகத் தோண்டியிருந்த ஒரு குழி. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் அதில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். பழைய கற்கால மனிதர் தட்டித் தட்டிச் செதுக்கிய கைக்கோடரி அது! இந்தியாவின் கற்காலத்தைப் பற்றிய ஆராய்ச்சியே அந்தச் சரளைக் குழியிலிருந்துதான் வேகம் பிடித்தது.

அதே செம்மண் சரளை இன்றும் நம் பக்கத்து மண்ணில் கிடக்கிறது. தாம்பரத்துக்குக் கிழக்கே மாடம்பாக்கம், அகரம்தென், மேற்கே முடிச்சூர், ஆதனூர் என்று எந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்பினாலும் ஏதாவது ஓர் இடத்தில் தார் முடிந்து ஏரிக்கரை மண்பாதை தொடங்கிவிடும். அங்கே ஏறியதும் சைக்கிள் கடகடவென்று உதறும், கை மரத்துப்போகும், பின்சக்கரம் வழுக்கும். உடனே நாம், "இது நல்ல சைக்கிள் இல்லை, வேறு வாங்கணும்" என்கிறோம். அவசரப்படாதீர்கள். குறை பெரும்பாலும் சைக்கிளில் இருக்காது, டயருக்குள் இருக்கும் காற்றில்தான் இருக்கும்.

முதலில் பாதையைப் பாருங்கள். நம் ஊரில் இரண்டு வகைக் கற்கள் காலில் மிதிபடும். ஒன்று செம்மண் சரளை. மழையிலும் வெயிலிலும் பாறை மட்கி, இரும்பு துருப்பிடித்துச் சிவந்து உண்டான கல். அதில் பல உருண்டையாக இருக்கும். இன்னொன்று ஜல்லி. பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலைக் குன்றுகளின் கரும்பாறையைக் கிரஷரில் உடைத்தால் கிடைப்பது. அந்தப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையில் இந்த வகைக் கல்லைப் பார்த்த தாமஸ் ஹாலந்து என்ற அறிஞர் வைத்த பெயர் அது. ஜல்லிக்குக் கூர்மையான மூலைகள் உண்டு. அழுத்தினால் ஒன்றின் மூலை இன்னொன்றின் இடுக்கில் போய்ச் சிக்கிக்கொள்ளும், அதனால் ரோலர் ஓடிய ஜல்லிப் பாதை உறுதியாக நிற்கும். உருண்டைச் சரளை அப்படியில்லை. கோலிக்குண்டுகளைக் கொட்டிய தரையில் நடப்பதுபோல, சக்கரத்துக்கு அடியில் கற்களே உருளும். ஆகவே செம்மண் பாதையின் வளைவில் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

இப்போது காற்றுக்கு வருவோம். 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த ரப்பர் குழாயைச் சுற்றிக் கட்டினார். அதுவரை சைக்கிள்களில் கெட்டி ரப்பர்தான் இருந்தது. கெட்டி ரப்பர் சக்கரம் ஒரு கல்லில் மோதினால், கல்லின் உயரத்துக்குச் சைக்கிளும் எழும்ப வேண்டும், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் பையனும் எழும்ப வேண்டும். காற்று டயரில் கல் பட்ட இடம் மட்டும் உள்வாங்கிக்கொள்கிறது. சைக்கிள் தன் போக்கில் போய்க்கொண்டே இருக்கிறது.

அப்படியானால் காற்றைக் கல் மாதிரி நிரப்பினால் என்ன ஆகும்? டன்லப் கண்டுபிடித்ததை நாமே பாழாக்கிவிடுகிறோம். அதுதான் ஏரிக்கரையில் நடப்பது.

இதில் இரண்டு இழப்புகள் மோதுகின்றன. டயர் தரையில் அழுந்தி மீளும்போது ரப்பர் கொஞ்சம் சூடாகிறது, அந்தச் சூடு நீங்கள் மிதித்த சக்தியிலிருந்து போவது. காற்று கூடினால் இந்த இழப்பு குறையும். ஆனால் கரடுமுரடான பாதையில் இன்னொன்றும் நடக்கிறது. ஒவ்வொரு கல்லும் உங்களைத் தூக்கிப் போடும்போது கை, தோள், வயிறு எல்லாம் குலுங்குகின்றன. அந்தக் குலுக்கலும் சூடாகத்தான் முடிகிறது. அதுவும் உங்கள் சக்திதான். காற்று கூடினால் இது அதிகமாகும். வழவழப்பான தார் ரோட்டில் முதல் இழப்பு பெரிது, சரளையில் இரண்டாவது பெரிது. ஆகவே சரளையில் சற்றே காற்றுக் குறைந்த டயர்தான் சுலபமாக ஓடும். டயர் கெட்டியாக இருந்தால்தான் வேகம் என்று பல பெரியவர்கள் இன்னும் நம்புகிறார்கள். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தய வீரர்களும் நெடுங்காலம் 23 மில்லிமீட்டர் அகல டயரில் அதிகக் காற்று அடித்துத்தான் ஓட்டினார்கள். இன்று அவர்களே 28 மில்லிமீட்டர், அதற்கும் மேல் என்று அகலத்தைக் கூட்டி, காற்றைக் குறைத்துவிட்டார்கள். சரளைப் பாதைக்கென்றே 2022 அக்டோபரில் இத்தாலியில் முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. அதில் ஓடுபவர்களின் டயர் இன்னும் அகலம்.

சரி, நம் டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேஜ் வைத்துப் பார்க்கலாம். ஆனால் வால்டியூப் போட்ட சைக்கிளில் கேஜ் சரியாகக் காட்டாது. அந்தச் சின்ன ரப்பர்க் குழாய் காற்றை உள்ளே மட்டும் விடும், வெளியே விடாது. பஞ்சர் கடை அண்ணன் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துச் சொல்லிவிடுவார். நமக்கு அந்த விரல் அனுபவம் இல்லை. ஆனால் கணக்கு இருக்கிறது! ஒரு கிராஃப் தாளும் எடை பார்க்கும் மெஷினும் போதும்.

மெஷினின் மேல் பின்சக்கரத்தை நிறுத்துங்கள். முன்சக்கரத்துக்கு அடியில் அதே உயரத்துக்குப் பலகை வையுங்கள். பெரியவர் ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் ஏறி உட்காருங்கள். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 50 கிலோ என்றால், பின்சக்கரத்தில் ஏறக்குறைய 30 கிலோ விழும். பிறகு இறங்கி, பின் டயரில் ஈரமான சாக்பொடியைத் தடவி, கிராஃப் தாளை அடியில் வைத்து, உருளாமல் நேராக ஏறி இறங்குங்கள். தாளில் முட்டை வடிவத்தில் ஒரு தடம் விழும். அதற்குள் எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று எண்ணுங்கள். 13 என்று வந்தால், 30ஐ 13ஆல் வகுத்து 14ஆல் பெருக்குங்கள். சுமார் 32. உங்கள் டயரில் ஏறக்குறைய 32 பி.எஸ்.ஐ. காற்று இருக்கிறது. பி.எஸ்.ஐ. என்பது டயர்க் காற்றழுத்தத்தின் அலகு. சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கை அந்த அலகுக்கு மாற்றத்தான் 14ஆல் பெருக்குகிறோம். தடம் ஆறரை சதுர சென்டிமீட்டர்தான் என்றால் காற்று அதைப்போல இரு மடங்கு.

ஏன் இப்படி? உங்கள் எடையைத் தாங்குவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம்தான். அழுத்தத்தைத் தடத்தின் பரப்பால் பெருக்கினால் எடை வந்தாக வேண்டும். காற்றைக் குறைத்தால் தடம் விரிந்து கணக்கைச் சரிக்கட்டிக்கொள்கிறது. டயரின் சுவரும் கொஞ்சம் எடை தாங்கும், பள்ளங்களில் சாக்பொடி படாது, அதனால் விடை துல்லியமாக வராது. ஆனாலும் காற்று கூடுதலா குறைவா என்பது தெரிந்துவிடும்.

காற்றை இஷ்டத்துக்குக் குறைத்துவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் எத்தனை பி.எஸ்.ஐ. முதல் எத்தனை வரை என்று அச்சிட்டிருப்பார்கள். சரளைப் பாதைக்கு அதில் கீழ் எண்ணுக்குப் பக்கத்தில் தொடங்குங்கள். ரொம்பக் குறைத்தால் கல்லில் இடிக்கும்போது டியூப், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கி, அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டை விழும். அகல டயரில் இந்த ஆபத்து குறைவு, ஏனென்றால் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே அதிக இடைவெளி இருக்கிறது. அந்தப் பக்கவாட்டில் 50-559 போன்ற எண்ணும் இருக்கும். 50 என்பது மில்லிமீட்டரில் அகலம், 559 என்பது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் குறுக்களவு. இரண்டாவது எண் ஒத்துப்போனால்தான் புது டயர் உங்கள் ரிம்மில் ஏறும்.

புது சைக்கிள் வாங்கப் போகிறவர்களுக்கு: ஃபிரேமுக்கும் டயருக்கும் இடையே உங்கள் சுண்டுவிரல் தாராளமாக நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால்தான் பிறகு அகல டயர் மாட்ட முடியும், மழையில் சேறும் அடைக்காது. ஷாக் அப்சார்பர் வைத்த சைக்கிள் கண்ணைப் பறிக்கும். விலை குறைந்தவற்றில் அது வெறும் எடை. மிதிக்கிற சக்தியில் ஒரு பங்கை விழுங்கிக்கொண்டு மேலும் கீழும் ஆடும். நான் வேண்டாம் என்றே சொல்வேன். கியர் இருந்தால் நல்லது. முன்னே 44 பல், பின்னே 18 பல் உள்ள 26 அங்குல சைக்கிளில் பெடல் ஒரு சுற்றுக்குச் சுமார் 5 மீட்டர் நகரும். முன்னும் பின்னும் 28 பல் என்றால் 2 மீட்டர்தான். வண்டலூர்ப் பக்கத்து மேட்டில் அந்த 2 மீட்டர்தான் கை கொடுக்கும், முழங்கால் வலிக்காது. மேட்டில் சீட்டில் உட்கார்ந்தே மிதியுங்கள். எழுந்து நின்றால் பின்சக்கரத்தின் மேல் எடை குறைந்து, அது சரளையில் சுழன்றுவிடும்.

கியர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 11ஆம் வகுப்பில் அரசு தரும் சைக்கிள் உங்கள் அக்காவிடம் இருக்கிறதா? காற்றைச் சரிபார்த்துவிட்டு அதிலேயே கிளம்பலாம்.

நெருஞ்சியை மறந்துவிடாதீர்கள். மஞ்சள் பூப் பூத்துத் தரையோடு படர்ந்திருக்கும். அதன் காய் உலர்ந்து துண்டுகளாகப் பிரியும்போது, ஒவ்வொரு துண்டும் எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேல் நோக்கி நிற்கும். விலங்கின் காலில் ஏறி ஊர் சுற்றுவதற்காக அந்தச் செடி வளர்த்துக்கொண்ட உத்தி அது, டயரிலும் நன்றாக வேலை செய்கிறது. சீமைக் கருவேல முள் இன்னும் நீளம். பஞ்சர் ஒட்டும் முன் டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். முனை முறிந்த முள் உள்ளேயே இருந்தால் ஒட்டிய டியூப் மறுபடி ஓட்டையாகும்.

ஒரே ஒரு கண்டிப்பு. தலைக்கவசம் போட்டு, வீட்டுப் பெரியவர் ஒருவருடன் மட்டும் போங்கள். திரிசூலம், பம்மல் பக்கத்துப் பழைய கல்குவாரிகளில் தண்ணீர் நிற்கும். ஓரம் செங்குத்தாக இருக்கும், உதிரிக் கல்லில் சக்கரம் நிற்காது. அங்கே சைக்கிளைத் திருப்பவே வேண்டாம்.

இந்தச் சனிக்கிழமை கிராஃப் தாளை எடுங்கள். பின்சக்கர எடை, தடத்தின் பரப்பு, எந்த ஏரிக்கரை, எந்தக் காற்றில் கை வலிக்காமல் ஓடியது என்று நான்கையும் குறித்து எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.