தராசு சொல்லும் கொழுப்புக் கணக்கு

வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் ஊர் திரும்பும் சகோதரர்களின் பெட்டிகளில் முன்பெல்லாம் டேப்ரிக்கார்டரும் அத்தர்க் குப்பிகளும் ஜப்பான் துணியும் இருந்தன. இப்போது அவற்றின் இடத்தைக் கண்ணாடித் தட்டுப் போன்றதோர் எடை பார்க்கும் இயந்திரம் பிடித்துக்கொண்டிருக்கிறது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் நான் சென்றுவரும் வீடுகள் பலவற்றில் குளியலறை வாசலிலோ கட்டிலுக்கு அடியிலோ அது கிடக்கக் காண்கிறேன். வெறுங்காலுடன் ஏறி நின்றால் அது எடையைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வதில்லை. கொழுப்பு இத்தனை விழுக்காடு, நீர் இத்தனை, தசை இத்தனை, எலும்பு இத்தனை கிலோ, வயிற்றின் உட்கொழுப்பு இத்தனை என்று அடுக்கிவிட்டு, போதாததற்கு உங்கள் உடலின் வயது 52 என்றும் கைப்பேசித் திரையில் எழுதிக் காட்டுகிறது.

இந்த எண்களால் இருவகைத் தீங்குகள் விளைகின்றன. மதரஸாவில் என்னிடம் ஓதும் பிள்ளையின் தாய் ஒருவர், கொழுப்பு 36 விழுக்காடு என்று காட்டியதைக் கண்டு அஞ்சி இரவு உணவை அறவே விட்டுவிட்டார். பத்து நாட்கள் கழித்து எடை ஒரு கிலோ குறைந்திருந்தது. கொழுப்போ 37 என்று காட்டிற்று. அந்த அம்மையார் அழாத குறையாக, "ஹஜ்ரத், சாப்பிடாமல் இருந்தால் கூடக் கொழுப்பு ஏறுமா?" என்று கேட்டனுப்பினார். இதற்கு நேர்மாறாக, ஒல்லியான உடல்வாகு கொண்ட பெரியவர் ஒருவர், "என் எடை 58 தான், எனக்கு எந்த நோய் வரப்போகிறது?" என்று பல்லாண்டுகள் நிம்மதியாக இருந்தார். காலில் ஏற்பட்ட புண் ஆறாமல் மருத்துவமனைக்குச் சென்றபோதுதான், சர்க்கரை நோய் நெடுநாளாக அவர் உடலில் குடியிருந்தது தெரியவந்தது. ஆகவே இந்த இயந்திரம் எதை அளக்கிறது, எதை ஊகிக்கிறது என்று அறிந்துகொள்வது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தேவையாகிறது.

நீரில் நிறுத்த ஞானம்

உடலில் கொழுப்பு எவ்வளவு என்று வெறும் எடையிலிருந்து கண்டுகொள்ள இயலாது. ரயில் நிலையங்களில் வண்ண விளக்குகள் சுழல நின்றிருந்த பழைய எடை இயந்திரங்களை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். காசு போட்டால் எடை அச்சிட்ட சிறிய அட்டை வந்து விழும். அதன் மறுபுறத்தில் குணபலனும் இருக்கும். நம்மவர்களில் சிலர் எடையைப் படிக்காமல் குணபலனைப் படித்ததும் உண்டு! அந்த அட்டை 70 கிலோ என்று சொன்னால், அது மூட்டை தூக்கும் தொழிலாளியின் தசையா, நாள் முழுவதும் கல்லாவில் அமர்ந்திருப்பவரின் தொந்தியா என்பதை அது அறியாது.

எடையோடு அடர்த்தியும் தெரிந்தால்தான் பொருளின் கலவை விளங்கும். இந்த உண்மையை மிக நுட்பமாகக் கையாண்டவர் மர்வு நகரில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அல்காஸினி ஆவார். 1121-ஆம் ஆண்டில், ஸல்ஜூக் சுல்தான் சன்ஜரின் காலத்தில் அவர் எழுதிய 'மீஸானுல் ஹிக்மா' என்னும் நூல், ஒரு பொருளைக் காற்றிலும் பிறகு நீரிலும் நிறுத்து, தங்கத்தில் வெள்ளி கலந்திருப்பதைக் கண்டறியும் தராசை விரிவாக விளக்குகிறது. அல்பீரூனியின் அளவைகளையும் அவர் அதில் எடுத்தாண்டார். ஏறக்குறைய எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் மனித உடலின் கலவையைக் கண்டதும் இதே முறையால்தான். கொழுப்பின் அடர்த்தி ஏறத்தாழ 0.9, தசை, எலும்பு, நீர் ஆகியவை சேர்ந்த மற்றப் பகுதியின் அடர்த்தி 1.1. எனவே மனிதரைத் தொட்டியில் மூழ்கச் செய்து நிறுத்தால் கொழுப்பின் பங்கு கிடைத்துவிடும். அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கே 1942-இல் கால்பந்து வீரர்களை இவ்வாறு நிறுத்தார். உயரத்துக்கு மிஞ்சிய எடையுடையவர்கள் என்று அக்காலத்து அட்டவணைகள் ஒதுக்கக்கூடிய அவ்வீரர்களில் பலரது உடலில் கொழுப்பு மிகக் குறைவாகவே இருந்தது. இன்று பெரிய ஆராய்ச்சி நிலையங்களில் இருவகை எக்ஸ்ரே கதிர்களைச் செலுத்தி எலும்பு, கொழுப்பு, தசை ஆகியவற்றைப் பிரித்துக் காணும் கருவி இருக்கிறது.

வீட்டுத் தராசு இவற்றுள் எதையும் செய்வதில்லை. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் தனிட்டா நிறுவனம், பாதங்கள் படும் உலோகத் தகடுகளை எடை இயந்திரத்தின் மேலேயே பொருத்தி வெளியிட்டது. நாம் ஏறி நின்றதும் உணர முடியாத அளவுக்கு மிகச் சிறிய மின்சாரம் ஒரு பாதத்தின் வழியே ஏறி மறு பாதத்தின் வழியே இறங்குகிறது. உப்புக் கலந்த நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். தசையில் நீர் மிகுதி. கொழுப்பில் நீர் சொற்பம். ஆகவே மின்சாரத்துக்கு ஏற்படும் தடையை இயந்திரம் அளக்கிறது. உண்மையில் அளக்கப்படுபவை இரண்டே: ஒன்று எடை, மற்றொன்று மின்தடை. ஏனையவை யாவும் நாம் பதிந்து கொடுத்த உயரம், வயது, ஆண் பெண் வேறுபாடு ஆகியவற்றைச் சேர்த்து ஒரு சூத்திரத்தின் வழியே போடப்படும் கணக்கு.

இதை நீங்களே சோதித்தறியலாம். இறங்கி நின்று, உங்கள் வயதை இருபது ஆண்டு கூட்டிப் பதிந்து மீண்டும் ஏறிப் பாருங்கள். பெரும்பாலான இயந்திரங்களில் கொழுப்பின் எண் மாறிவிடும். இரண்டு நிமிடத்தில் உடல் மாறவில்லை, கணக்குத்தான் மாறியது. கணவரின் பெயரில் பதிந்த கணக்கில் மனைவி ஏறி நின்று பார்ப்பதால் வரும் குழப்பங்களும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

மற்றொரு குறையும் உண்டு. காலிலிருந்து காலுக்குப் பாயும் மின்சாரம் கால்களையும் இடுப்பின் கீழ்ப்பகுதியையும் தொட்டுத் திரும்பிவிடுகிறது. நமக்குக் கவலை தரும் வயிற்றுப் பகுதியை அது ஏறக்குறைய எட்டிப் பார்ப்பதே இல்லை. எனவே உட்கொழுப்பு 11 என்று இயந்திரம் அறிவிக்கும்போது, அது வயிற்றைக் கண்டு சொன்ன சாட்சியன்று. காலைக் கண்டு வயிற்றை ஊகித்த சாட்சி. எலும்பின் எடையும் அப்படியே. உடலின் வயது என்பதற்கு மருத்துவ உலகில் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. அதைத் துணிந்து புறக்கணித்துவிடலாம். இத்தகைய இயந்திரங்கள் மூன்றைப் பாரீசு நகர மருத்துவர்கள் எக்ஸ்ரே முறையோடு ஒப்பிட்டு 2021-இல் வெளியிட்ட ஆய்வில், எடை மிகச் சரியாக இருந்தது. கொழுப்பின் அளவோ சில கிலோ வரை பிசகியிருந்தது.

நோன்பும் நீரும்

மேலே சொன்ன அம்மையாரின் கேள்விக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. உணவைக் குறைக்கும்போது முதல் நாட்களில் உடலை விட்டுப் போவது பெரும்பாலும் நீர். நீர் குறைந்தால் மின்தடை கூடும். தடை கூடினால், 'தசை குறைந்தது, கொழுப்பு மிகுந்தது' என்று சூத்திரம் முடிவு கட்டிவிடும்.

ரமலானில் இதைத் தெளிவாகக் காணலாம். மாலையில் நோன்பு திறக்கும் முன் ஏறி நின்றால் எடை காலையை விடக் குறைந்திருக்கும். கொழுப்பு விழுக்காடு உயர்ந்திருக்கும். நோன்பு திறந்து, இரண்டு குவளை நீரும் ஒரு கிண்ணம் கஞ்சியும் அருந்திவிட்டு உடனே ஏறினால் வேடிக்கை இன்னும் பெரிது. வயிற்றில் தங்கியிருக்கும் அந்த நீரை மின்சாரம் காணாது. எடைத் தட்டோ காணும். எனவே குடித்த தண்ணீரையும் இயந்திரம் கொழுப்புக் கணக்கில் எழுதிவிடும்! விரைந்து நடந்துவிட்டு வந்து உடல் சூடாக இருக்கையில் ஏறினால் இதற்கு மாறாகக் கொழுப்பு குறைவாகத் தெரியும். காய்ந்து வெடித்த குதிகால், காலுறை, ஈரம் சொட்டும் பாதம் ஆகியவையும் எண்ணைக் கெடுக்கும். ரமலானில் குறையும் எடை பெரும்பாலோருக்குச் சிறிதளவே என்றும், பெருநாள் கழிந்த சில வாரங்களில் அது திரும்பிவிடுகிறது என்றும் ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கூறுகின்றனர். பெருநாள் பிரியாணியை நினைக்கும்போது இதில் வியப்பில்லை.

பெண்ணின் உடலில் ஆணை விடக் கூடுதலான கொழுப்பு இருப்பது இயற்கை அமைப்பு. ஆணுக்கு 25, பெண்ணுக்கு 35 என்ற எல்லைகளை ஆய்வாளர் பலர் கையாளுகின்றனர். உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட எல்லை என்று ஒன்றில்லை. எனவே கணவரின் எண்ணோடு தம் எண்ணை ஒப்பிட்டுத் தாய்மார்கள் வருந்தத் தேவையில்லை.

மெலிந்தவரின் கொழுப்பு

ஒல்லியான பெரியவரின் கதை இதைவிட முக்கியமானது. நம் நாட்டவரின் உடலமைப்பைப் பற்றி உலகுக்கு உணர்த்தியவர்களில் ஒருவர் பூனா நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக். அவரும் இலண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் தம் இருவர் உருவத்தையும் அருகருகே வெளியிட்டனர். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் கொழுப்பு, ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2 விழுக்காடு! பூனாவில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டபோதும், 2.7 கிலோவே இருந்த நம் குழந்தைகள் தசையில்தான் பெரிதும் மெலிந்திருந்தன. முதுகுத் தோலின் கீழ் இருந்த கொழுப்பில் அவ்வளவாகக் குறையவில்லை. கை கால் சூம்பி வயிறு மட்டும் முன்தள்ளிய தோற்றம் நம் தெருக்களுக்குப் புதிதன்று. அந்த வயிற்றின் உள்ளே, கல்லீரலையும் குடலையும் சூழ்ந்து தங்கும் கொழுப்பே இன்சுலின் தன் வேலையைச் செய்யவிடாமல் தடுக்கிறது. சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர்.

இதனால்தான் எடைக் குறியீட்டில் மேலை நாட்டாருக்கு 25 வரை அனுமதித்த மருத்துவர்கள் நமக்கு 23-லேயே எச்சரிக்கின்றனர். கிலோ எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் இக்குறியீடு கிடைக்கும். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 63 கிலோ இருந்தால் 23-ஐத் தொட்டுவிட்டார் என்று பொருள்.

இத்தனை பணம் கொடுத்து வாங்கிய இயந்திரம் காணாத வயிற்றை, தையல் மெஷின் இழுப்பறையில் கிடக்கும் அங்குல நாடா காட்டிவிடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மெல்ல மூச்சை விட்டபின், இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுத்துப் பிடித்துக்கொள்வது பயனற்றது. ஆண்கள் கைலி கட்டும் இடத்தை அளந்துவிட்டு "முப்பத்திரண்டுதான்" என்பதுண்டு; தொந்திக்குக் கீழே இறங்கிய அந்த அளவு கணக்கில் சேராது. நம் நாட்டு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தைந்தரை அங்குலம். பெண்ணுக்கு 80, அதாவது முப்பத்தொன்றரை அங்குலம். இதற்கு மேற்பட்டால் எடை எதுவாயினும் இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட வேண்டும். இடுப்புச் சுற்று உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருக்கட்டும் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டிக் குழு 2022-இல் கூறிய எளிய விதியும் நினைவில் நிற்கத்தக்கது. 150 சென்டிமீட்டர் உயரமுள்ள தாய்க்கு 75. 2025 ஜனவரியில் வெளிவந்த லான்செட் ஆணைக்குழுவின் அறிக்கையும், எடைக் குறியீட்டை மட்டும் கொண்டு உடற்பருமனைத் தீர்மானிக்கலாகாது, இடுப்பளவையும் சேர்த்துப் பாருங்கள் என்றே சொல்கிறது.

சர்க்கரைப் பரிசோதனைக்குத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் திண்டிவனம் அரசு மருத்துவமனையிலும் 2010 முதல் முண்டியம்பாக்கத்தில் இயங்கிவரும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் செய்துகொள்ளலாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் வீட்டுக்கே வருகின்றனர். அவர்கள் வரும்போது, "எங்கள் வீட்டில் யாரும் குண்டில்லை" என்று கூறித் திருப்பியனுப்பிவிடாதீர்கள்.

முதியவர்களைப் பொறுத்தவரை கொழுப்பை விடத் தசையே கவனத்துக்குரியது. எடை மாறாமலேயே தசை கரைந்து கொழுப்பு அவ்விடத்தில் அமரக்கூடும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர 12 வினாடிக்கு மேல் ஆகுமானால் தசை வலு குறைந்திருக்கலாம் என்பது ஆசிய மருத்துவர் குழு 2019-இல் வகுத்த அளவு. ஸஜ்தாவிலிருந்து எழும்போது புதிதாகக் கையூன்றத் தொடங்கிய பெரியவரையும் வீட்டார் கவனிக்கலாம்.

அப்படியானால் இயந்திரத்தைத் தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டாம். எடையைச் சொல்வதில் அது நேர்மையானது. இதய நோயோ சிறுநீரக நோயோ உடையவருக்கு இரண்டு மூன்று நாட்களில் இரண்டு கிலோ ஏறினால், அது கொழுப்பன்று; உடலில் தேங்கும் நீர். உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அந்நிலையில் கொழுப்பு குறைந்ததாக இயந்திரம் காட்டினால் மகிழ்ந்துவிடக்கூடாது. முயற்சியின்றி எடை இறங்கிக்கொண்டே போவதும் மருத்துவரிடம் சொல்லத்தக்க செய்தியே.

கொழுப்பு விழுக்காட்டையும் பார்க்க விரும்புவோர், சமதளமான தரையில் இயந்திரத்தை வைத்து, வாரத்தில் ஒருநாள், காலைக்கடன் முடித்து எதுவும் உண்ணுமுன், துடைத்த வெறுங்காலுடன் ஏறி, எண்ணை ஒரு நோட்டில் குறித்து வரலாம். இரண்டு மூன்று மாதக் குறிப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கே பொருள் உண்டு. இன்றைக்கும் நாளைக்கும் இடையிலான ஒன்றிரண்டு விழுக்காட்டுக்குப் பொருளில்லை. கருவுற்ற தாய்மார்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டியதில்லை. அவர்களுக்கு எடை மட்டும் போதும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர்கள் மின்சாரம் செலுத்தும் இவ்வகை இயந்திரத்தில் ஏறவே கூடாது. அவர்களுக்காக வீட்டில் பழைய முள் தராசு ஒன்று இருக்கட்டும்.