வேலையும் சி.ஏ.வும்: கையெழுத்துப் போடுமுன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா மகன் வந்தான். ஊர் புதுச்சேரியில் பாகூர் பக்கம். பி.காம். முடித்துவிட்டு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறான். டேலியில் பில் ஏற்றுவது, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தயார் செய்வது, மாதக் கடைசியில் பேங்க் கணக்கை ஒத்துப் பார்ப்பது, இதுதான் வேலை. இந்த வேலையோடேயே சி.ஏ. இன்டர் இரண்டு குரூப்பையும் முடித்துவிட்டான். எங்கள் குடும்பத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

கையில் ஒரு கவர். உள்ளே ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டரிடம் எடுக்க வேண்டிய பயிற்சி) ஒப்பந்தம், அதாவது படிவம் 102.

"மாமா, இதுல கையெழுத்துப் போட்டா ரெண்டு வருஷம் தன்னால ஓடிடும். நான் கம்பெனிலேயே வேலை பாத்துக்கலாம். ஆடிட்டருக்கு நாற்பதாயிரம் கொடுத்தா போதும்னு சொல்றாங்க."

இதற்கு ஊரில் 'டம்மி ஆர்ட்டிகிள்' என்று பெயர். அவனைத் திட்டத் தோன்றவில்லை. வேலையை விட்டால் வீட்டுக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்விக்கு என்னிடமும் சட்டென்று பதில் இல்லை.

வேலை பார்த்துக்கொண்டே சி.ஏ. படிக்கலாமா என்று வில்லியனூரிலும் பாகூரிலும் கேட்காத பி.காம். பிள்ளை குறைவு. பரீட்சை எழுதலாம், பயிற்சியை முடிக்க முடியாது என்பதுதான் பதில். சேரும்போது பலர் இதைச் சொல்வதில்லை. 2023 ஜூலை 1 முதல் வந்த புதிய பாடத்திட்டப்படி பவுண்டேஷன், இன்டர் இரண்டையும் வேலையோடு எழுதலாம். பட்டப்படிப்பில் வணிகவியல் மாணவர் 55 சதவீதமும் மற்றவர் 60 சதவீதமும் எடுத்திருந்தால் பவுண்டேஷன்கூட வேண்டாம், நேராக இன்டர். ஆனால் இன்டர் இரண்டு குரூப்பும் முடித்த பிறகு இரண்டு ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப். முன்பு மூன்று ஆண்டாக இருந்ததைக் குறைத்திருக்கிறார்கள். அது முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் பைனல். பயிற்சியில் இருப்பவர் வேறு வேலையோ தொழிலோ பார்க்கக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டுச் சி.ஏ. ஒழுங்குவிதிகள் சொல்கின்றன.

டம்மி வெளிப்பட்டால் பயிற்சிக் காலமே ரத்தாகலாம். ஆடிட்டர் மீது ஒழுங்கு நடவடிக்கை வரும். கம்பெனியில் பி.எப். கணக்கும் சம்பளச் சீட்டும் ஒரு பக்கம், ஆடிட்டர் ஆபீஸ் வருகைப் பதிவு மறுபக்கம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தத் தேதியில் பொய் சொன்னோம் என்பது கணக்குப் படித்தவனுக்குத் தெரியாதா?

அந்த நாற்பதாயிரத்துக்கு வருகிறேன். பயிற்சிக்குச் சேர்க்க முன்பணம், கடன், டெபாசிட் என்று எந்தப் பெயரிலும் மாணவரிடம் பணம் வாங்கக் கூடாது என்று அதே விதிகளில் தனியாகவே ஒரு விதி இருக்கிறது. 47-ஆம் விதி. அடுத்த 48-ஆம் விதிப்படி, பணம் ஆடிட்டரிடமிருந்து மாணவருக்கு மாதாமாதம் உதவித்தொகையாகப் போக வேண்டும். 2023-இல் இரட்டிப்பாக்கிய பிறகு, ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து முதல் ஆண்டில் குறைந்தது 2,000 முதல் 4,000 ரூபாய், இரண்டாம் ஆண்டில் 3,000 முதல் 5,000 ரூபாய். வங்கிக் கணக்கிலோ கோடிட்ட காசோலையிலோ வர வேண்டும். கணக்கில் போட்டுவிட்டு ரொக்கமாகத் திருப்பிக் கேட்கும் இடங்களும் உண்டு. அப்படிக் கேட்டால் வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள், வங்கி ஸ்டேட்மென்டை எடுத்து வையுங்கள். சி.ஏ. இன்ஸ்டிட்யூட்டின் 'இ-சகாயதா' தளத்தில் புகார் செய்யலாம். புகாரோடு இந்த ஆதாரங்களும் போனால்தான் காரியம் நடக்கும். இன்ஸ்டிட்யூட்டில் பயிற்சிப் பதிவு, பயிற்சி தொடங்கிய 30 நாளுக்குள் நடக்க வேண்டும். மாணவர் தளத்தின் பாஸ்வேர்டை ஆபீஸ் கிளார்க்கிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். உங்கள் பெயரில் என்ன பதிவாகியிருக்கிறது என்று நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள்.

2,000 ரூபாயில் பாகூரிலிருந்து பாண்டிக்குப் பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்குமே இழுபறிதான். இதே பாகூரில் 9-ஆம் நூற்றாண்டில் ஒரு கல்விச்சாலை இருந்தது. அதற்கு மூன்று ஊர்களை எழுதிவைத்ததைப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. படிப்பு நடக்க வேண்டுமானால் சோற்றுக்கு வழி வேண்டும் என்று அன்றே தெரிந்திருக்கிறது. இந்த உதவித்தொகை போதாது என்பதே என் கருத்து. ஆனால் போதாத தொகையை வாங்காமல் விடுவதற்கு அது காரணம் ஆகாது.

வேலையை விடவே முடியாதவர்கள் காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பான சி.எம்.ஏ.வைப் பார்க்கலாம். 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் படிப்பு, தலைமையகம் கொல்கத்தா. பட்டதாரி நேராக இன்டரில் சேரலாம். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். இங்கும் 15 மாதப் பயிற்சி உண்டு, ஆனால் தகுந்த கணக்குத் துறையில் நீங்கள் பார்க்கும் வேலையையே அந்தக் கணக்கில் சேர்க்க இடமிருக்கிறது. கம்பெனிகளின் சட்டபூர்வத் தணிக்கையிலும் வருமான வரித் தணிக்கையிலும் சி.எம்.ஏ. கையெழுத்திட முடியாது, காஸ்ட் ஆடிட்டில் முடியும். தொழிற்சாலைகள் இருக்கும் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் பக்கம் இது இரண்டாம் தரப் படிப்பு அல்ல.

அடுத்தது காலண்டர். சி.ஏ. தேர்வு இப்போது ஆண்டுக்கு மூன்று முறை, ஜனவரி, மே, செப்டம்பர். கேட்க நன்றாக இருக்கிறது. அக்கவுண்ட்ஸில் இருப்பவருக்கோ செப்டம்பர் 30 வருமான வரித் தணிக்கை அறிக்கையின் கடைசி நாள். டிசம்பர் 31 ஜி.எஸ்.டி. ஆண்டு ரிட்டர்ன், அடுத்த நாள் ஜனவரி. மார்ச் முடிந்தால் கணக்கு முடிப்பு. மாதாமாதம் 7-ஆம் தேதி டி.டி.எஸ்., 11-ஆம் தேதி ஒரு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், 20-ஆம் தேதி இன்னொன்று. என் யோசனை: வேலையில் இருப்பவர் செப்டம்பரை விட்டுவிட்டு மே அல்லது ஜனவரியில் ஒரு குரூப் மட்டும் எழுதுவது. தேர்வு மதியம் 2 மணிக்கு. புதுச்சேரியிலேயே மையம் உண்டு, சென்னைக்கு ஓட வேண்டாம்.

ஒரு பேப்பரில் 60 வாங்கினால் அடுத்த மூன்று அட்டெம்ப்ட்டுக்கு அதை மறுபடி எழுத வேண்டாம். ஆனால் அந்தக் குரூப்பின் எல்லாப் பேப்பரையும் எழுதியிருக்க வேண்டும். லீவு கிடைக்கவில்லை என்று மூன்றாவது பேப்பரை விட்டுவிட்டு, முதல் பேப்பரில் எடுத்த 60-ஐயும் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

லீவு என்றதும் முதலாளி முகம் மாறும். தேர்வுக்கென்று தனி விடுப்பு தரத் தனியார் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் பொதுச் சட்டம் இல்லை. ஆனால் 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் 180 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் போனால் இரட்டிப்புச் சம்பளம். பணி நியமனக் கடிதம் கட்டாயம். குமாஸ்தா வேலை செய்பவரும் இதில் தொழிலாளிதான். இருக்கும் லீவைச் சேர்த்து வைத்து, தேர்வு அட்டவணை வந்த அன்றே எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள்.

வேலையை விடும்போது இரண்டு தொல்லை வரும். ஒன்று, சேரும்போது வாங்கி வைத்த ஒரிஜினல் சர்டிபிகேட். கல்விச் சான்றிதழ் சந்தைச் சரக்கு அல்ல, அதைப் பிடித்து வைக்க உரிமை இல்லை என்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் நிலைப்பாடு. புதுச்சேரியும் அந்த நீதிமன்ற எல்லைக்குள்தான். மற்றொன்று, குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டுவதாக எழுதிக் கொடுத்த பாண்டு. அது செல்லாது என்று எவராவது தைரியம் சொன்னால் நம்பாதீர்கள். 2025 மே மாதம் ஒரு வங்கி வழக்கில் 2 லட்ச ரூபாய் பாண்டை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. சேருமுன்னே படித்துப் பாருங்கள். விலகினால் பாக்கிச் சம்பளம் இரண்டு வேலை நாளுக்குள் வந்தாக வேண்டும்.

கோச்சிங் சென்டர் விளம்பரத்தில் சிரிக்கும் ரேங்க் வாங்கிய முகங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு எதிராக 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிமுறை வெளியிட்டிருக்கிறது. கட்டணத் தகராறுக்கு 1915-ஐ அழையுங்கள். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமின்றிப் புகார் கொடுக்கலாம், இரண்டு ஆண்டுக்குள். சி.ஏ. இன்ஸ்டிட்யூட்டே இலவச நேரலை வகுப்பும் மாதிரித் தேர்வும் தருகிறது, அதை முதலில் பார்த்துவிடுங்கள். ஆனால் தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். தமிழில் எழுத வழியில்லாதது நம் பிள்ளைகளுக்கு நேர்ந்த அநியாயம். அதைச் சொல்லாமல் போக முடியவில்லை.

மதிப்பெண்ணில் சந்தேகமா? விடைத்தாளை மறுபடி திருத்தச் சொல்ல விதி இல்லை, கூட்டலைச் சரிபார்க்கலாம். ஆனால் உங்கள் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை உங்களுடையது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு சி.ஏ. இன்ஸ்டிட்யூட் சம்பந்தப்பட்ட வழக்கில், தேர்வு முடிந்த பிறகு வினாத்தாளையும் மாதிரி விடையையும் மறைக்க முடியாது என்றது. 2019-இல் கம்பெனி செக்ரட்டரி இன்ஸ்டிட்யூட் வழக்கில் இன்னொரு தெளிவும் வந்தது: விடைத்தாளைப் பெற அமைப்பின் 500 ரூபாய் கட்டண வழியிலும் போகலாம், தகவல் உரிமைச் சட்டத்தின் 10 ரூபாய் வழியிலும் போகலாம்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. செப்டம்பரில் ஆடிட்டர் ஆபீஸில் இரவு 9 மணி சகஜம். அங்கே பாலியல் தொல்லை என்றால், பத்துப் பேருக்குக் குறைவான அலுவலகமாக இருந்தாலும், மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம். பயிற்சியில் இருப்பவருக்கும் பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டம் பொருந்தும். இலவச சட்ட உதவி எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

அக்கா மகன் கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். இன்னும் ஓராண்டு கம்பெனியில் இருந்து பணம் சேர்த்த பிறகு ஒழுங்காக ஆர்ட்டிகிள்ஷிப் போவதாகச் சொல்கிறான். அக்காவுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. அந்த நாற்பதாயிரம் இப்போது வில்லியனூர் போஸ்ட் ஆபீஸில் அவன் பெயரில் ஓராண்டு டெபாசிட்டாக இருக்கிறது.