உறை ஊற்றிய பாத்திரத்தை ஆட்டாதே

அம்பத்தூர் வீட்டில் ராத்திரி பாலுக்கு உறை ஊற்றியதும் ஓர் உத்தரவு பிறக்கும்: "காலைல வரைக்கும் அந்தப் பாத்திரத்தை யாரும் ஆட்டாதீங்க." பெசன்ட் நகர் கடற்கரையில் ஆமை முட்டை காப்பவர்களுக்கும் அதுதான் முதல் பாடம். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் 1988 முதல், ஜனவரி பிறந்துவிட்டால் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவெல்லாம் மணலில் நடக்கிறார்கள். தேடுவது பங்குனி ஆமையின் தடத்தை.

ஊறுகாய் ஜாடி

தாய் ஆமை பின்துடுப்புகளால் தோண்டும் குழி, ஜாடி மாதிரி வாய் குறுகி வயிறு பருத்திருக்கும். ஆழம் சுமார் ஒன்றரை அடி. நூறு முட்டை போல இட்டு, மணலை மூடி, உடம்பாலேயே தட்டிச் சமன்செய்துவிட்டுக் கடலுக்குப் போய்விடும். திரும்பிப் பார்க்காது. தெருநாய் மோப்பம் பிடித்துவிடும் என்பதால் முட்டைகளை வேலி போட்ட பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.

உறை

இட்ட சில மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும். பிறகு கரு ஓட்டின் உட்பக்கம் ஒட்டிக்கொள்ளும். முட்டை புரண்டால் கரு செத்துவிடலாம். பாதி உறைந்த தயிரைக் குலுக்கிவிட்டு மறுபடி உறையச் சொல்ல முடியுமா?

புட்டு மாவு

புதிய குழியின் மணல் புட்டு மாவுப் பதத்தில் இருக்க வேண்டும்: பிடித்தால் பிடிபட்டு, உதிர்த்தால் உதிர வேண்டும். காய்ந்திருந்தால் குழி சரியும். சொதசொதவென்றிருந்தால் ஓடு வழியாக மூச்சுவிடும் முட்டைக்குக் காற்று கிடைக்காது.

சூடு

குஞ்சு பொரிய 45 முதல் 60 நாள். சித்திரையில் இட்லி மாவு சீக்கிரம் பொங்குவதுபோல, வெயில் ஏற ஏற நாள் குறையும். உவமை இத்தோடு சரி. மாவுக்குச் சூடு புளிப்பைத்தான் கூட்டும். முட்டைக்கோ ஆணா பெண்ணா என்பதையே தீர்மானிக்கும். மணல் சுமார் 30 டிகிரிக்கு மேலே போனால் பெரும்பாலும் பெண், கீழே இருந்தால் பெரும்பாலும் ஆண். ரொம்பவும் ஏறினால் முட்டையே வெந்துபோகும். அதற்குத்தான் பொரிப்பகத்துக்கு மேலே நிழல்.

பொங்கல்

முதலில் பொரிந்த குஞ்சு தனியாக வெளியே வராது. மற்றவையும் பொரியும்வரை மணலுக்குள்ளேயே காத்திருக்கும். மேல்மணல் குளிர்ந்த ஓர் இரவில் எல்லாமும் சேர்ந்து பானை பொங்குவதுபோல மேலே வரும். வெளிச்சம் எங்கேயோ அங்கே ஓடும்; தெருவிளக்கு எரிந்தால் ரோட்டுப் பக்கம் திரும்பிவிடும். எனவே குஞ்சுகளை அலைக்குச் சற்று முன்னே கொண்டுபோய் விட்டு, அங்கிருந்து அவற்றையே நடந்து போகவிடுகிறார்கள்.

கரையில் இத்தனை பதம் பார்த்தாலும் கடலில் பானை உடைகிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலைக்குள் மாட்டினால் வர முடியாது.

பூந்தமல்லிப் பக்கத்து வீட்டு மாடியில் நின்றால் கடல் தெரியாது. ஆனால் திருவேற்காட்டில் கூவத்தில் விழும் கேரி பேக், நேப்பியர் பாலத்தைத் தாண்டினால் போய்ச் சேர்வது அந்த ஆமைகளின் கடலுக்குத்தான்.