காருக்கு அடியில் வெற்றிலை துப்பியது யார்?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரி போகிறவர்களுக்கு மரக்காணம் வந்ததும் காரை ஓரங்கட்டாமல் இருக்க முடியாது. கண்ணுக்கு எட்டிய தூரம் உப்புப் பாத்திகள். வெள்ளை வெளேரென்று குவியல்கள். ஒரு போட்டோ, ஒரு இளநீர், நெஞ்சு நிறைய ஒரு மூச்சு... 'ஆஹா, என்ன காத்து!'

அந்தக் காற்று உங்களுக்கு ஆஹா. உங்கள் காரின் அடிவயிற்றுக்கு ஐயோ!

அதிலும் வண்டி பழசு, ஆட்டோமேட்டிக் கியர், அந்தப் பக்கமே குடியிருப்பு என்றால் கேட்கவே வேண்டாம். ஒருநாள் காலையில் வாசலில் சிவப்பாக நாலு சொட்டு விழுந்திருக்கும். 'எந்தக் கடங்காரன் வெற்றிலை போட்டு இங்கே துப்பினான்?' என்று கூச்சல் போடுவதற்கு முன் கொஞ்சம் குனிந்து பாருங்கள். துப்பியது கார்தான்.

ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியில் ஊற்றும் எண்ணெய்க்கு வேண்டுமென்றே சிவப்புச் சாயம் போடுகிறார்கள். இன்ஜின் ஆயில் அல்ல என்று பார்த்ததுமே தெரிய வேண்டுமே, அதற்காக. நாள்பட்டால் காப்பி நிறத்துக்கு வந்துவிடும். சில வண்டிகளில் பவர் ஸ்டீயரிங்குக்கும் இதே எண்ணெய்தான் என்பதால், சொட்டு விழுந்த இடத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நிறமே இல்லாமல் சொட்டினால் ஏ.ஸி. தண்ணீர். நிம்மதியாகத் தூங்கப் போங்கள்.

சிவப்பு என்றால் தூங்கக் கூடாது. சாதாரண கியர் பெட்டியில் எண்ணெய் வழுக்கலுக்கு மட்டும். ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய்தான் எல்லாமே! இன்ஜினின் சுழற்சியைக் கியருக்குக் கடத்துவது எண்ணெய். உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகளை அமுக்கிப் பிடிப்பது எண்ணெயின் அழுத்தம். சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதுவே. சமைப்பவர், பரிமாறுபவர், பாத்திரம் கழுவுபவர் மூவரும் ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் லீவு போட்டால் கல்யாணம் என்னாகும்? 'டி'யில் போட்டால் வண்டி யோசித்து யோசித்துக் கிளம்பும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. தகடு கருக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். சில ஆயிரங்களில் முடிய வேண்டிய வேலை லட்சத்தில் போய் நிற்கும்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1939-ல் ஹைட்ரமாட்டிக் என்ற பெயரில் இந்தக் கியரைக் கொண்டுவந்தபோது, இனி கிளட்ச் மிதிக்க வேண்டாம் என்பதுதான் பெருமை. அந்தச் சொகுசுக்கு விலை கொடுத்தது யார் தெரியுமோ? திமிங்கிலம்! 1970-களின் தொடக்கம் வரை இந்த எண்ணெயில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயையும் கலந்தார்கள். அதற்கு அமெரிக்க அரசு தடை போட்ட பிறகே மாற்று தேடினார்கள்.

(இன்னொரு விஷயம். 2014-ல் மாருதி செலேரியோவோடு நம் ஊருக்கு வந்த ஏ.எம்.டி. வண்டியை வைத்துக்கொண்டு இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். அதில் இருப்பது சாதாரண கியர் பெட்டிதான். கிளட்ச் மிதிக்கும் வேலையையும் கியர் மாற்றும் வேலையையும் மட்டும் மெஷின் செய்கிறது.)

விஷயத்துக்கு வருவோம். கியர் பெட்டியின் அடியில், எண்ணெய் தங்குவதற்கு ஒரு தகரத் தட்டு. இங்கிலீஷில் 'பேன்'. உப்பளத்துக்கும் இங்கிலீஷில் அதே பெயர்தான் என்பது தமாஷ்! நம்ம ஊர் ஷெட்டில் 'கியர் பாக்ஸ் சேம்பர்' என்று சொன்னால் சட்டென்று புரியும். சுற்றிலும் ஒரு டஜன், ஒன்றரை டஜன் போல்ட். நடுவில் ஒரு பேக்கிங். (பழைய ஹோண்டாக்கள் பலவற்றில் இப்படிக் கழற்றும் தட்டே கிடையாது.)

உப்புக் கடற்கரையில் இந்தத் தட்டுக்குத்தான் முதல் அடி. கல்லுப்பு ஜாடி மழைக்காலத்தில் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் மக்னீசியம் குளோரைடு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக் குடிக்கும். பாத்தியோரத்துச் சேறு காருக்கு அடியில் ஒட்டினால் அதே கதை. மேலே வெயில் கொளுத்தும், கீழே தகரம் ஈரமாகவே இருக்கும். துரு பிடிக்காமல் என்ன செய்யும்? போல்ட் தலையைத் தின்னும், தட்டின் உதட்டைத் தின்னும், கடைசியில் ஊசி முனை ஓட்டை.

ஷெட்டுக்குப் போனால் என்ன நடக்கும்? 

"அண்ணே, போல்ட் லூஸாயிருக்கு. ரெண்டு டைட் வெச்சா சரியாயிடும்!"

இங்கேதான் நீங்கள் குறுக்கே பாய வேண்டும். இந்த போல்ட்டுகளுக்குத் தேவையான முறுக்கு பல வண்டிகளில் 10 நியூட்டன் மீட்டர் அளவுதான். சக்கர நட்டுக்கு 100 சுமாருக்கு வைக்கிறோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தம் கட்டி முறுக்கினால் பேக்கிங் நசுங்கிப் பிதுங்கும். ஓட்டையைச் சுற்றித் தகரம் குழியும். இரண்டு போல்ட்டுக்கு நடுவில் தட்டு வாயைப் பிளக்கும். அடுத்த நாள் சொட்டு இரட்டிப்பாகும். 'இன்னும் ரெண்டு டைட்' என்று அவர் மறுபடி ஆரம்பிக்கும்போது போல்ட் உள்ளேயே முறியும்.

முதலில், கசிவது தட்டுதானா? ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் அடித்துப் பூசிவிடும். கூலர் குழாயில் கசிந்தாலும் பழி தட்டின் மேல். அதனால் அடிப்பாகத்தைச் சுத்தமாகத் துடைத்துக் காயவிட்டு, வீட்டில் இருக்கும் முகப் பவுடரைத் தட்டைச் சுற்றித் தூவுங்கள். (மனைவியின் டப்பா என்றால் கேட்டுவிட்டு.) கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், பவுடர் எங்கே நனைந்திருக்கிறதோ அங்கேதான் திருடன்.

தட்டுதான் என்று தெரிந்துவிட்டதா? வண்டியை ஸ்டாண்டு கொடுத்து நிறுத்த வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே படுப்பது தற்கொலை முயற்சி. எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும்போது, ஒரு பக்கத்து போல்ட்டுகளை முதலில் தளர்த்தித் தட்டைச் சாய்த்து வடிப்பார் கெட்டிக்கார மெக்கானிக். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் அபிஷேகம்தான்! துருப்பிடித்த போல்ட்டுக்கு முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் போட்டு ஊறவிட வேண்டும்.

தட்டைக் கழற்றியதும் பக்கத்தில் நின்று பாருங்கள். உள்ளே ஒரு சின்ன காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டியிருந்தால் வயசான வண்டிக்கு அது சகஜம். இரும்புச் சில்லுகள் கிடந்தாலோ, எண்ணெய் கருகல் வாடை அடித்தாலோ வியாதி பேக்கிங்கில் இல்லை. உள்ளே.

உப்பளத்தில் பாத்தித் தரையை மிதித்து மிதித்துக் கெட்டியாக்கி, சமமாக்கிய பிறகுதான் தண்ணீர் விடுவார்கள். இல்லாவிட்டால் மண்ணே குடித்துவிடும். இங்கேயும் அப்படித்தான். பழைய பேக்கிங்கை மொத்தமாகச் சுரண்டி எடுத்து, குழிந்த உதட்டை மரக்கட்டை மேல் வைத்து மெதுவாகத் தட்டிச் சமமாக்க வேண்டும். மேல்துரு என்றால் கம்பி பிரஷ் போட்டு, வெளிப்பக்கம் பெயின்ட் அடித்தால் போதும். ஓட்டை விழுந்திருந்தால் தட்டையே மாற்றிவிடுங்கள். எம்சீல் உருண்டை வீட்டுக் குழாய்க்கு சரி. சூடும் அழுத்தமும் மாறி மாறி வரும் இடத்தில் அதை நம்பி ஊருக்குக் கிளம்பக் கூடாது. சிலிக்கான் பசையைப் பிழிந்து தள்ளுவதும் ஆபத்து. பிதுங்கிய பசை பிய்ந்து உள்ளே போய் ஃபில்டரை அடைக்கும். வந்த வேலையோடு ஃபில்டரையும் மாற்றுவது புத்திசாலித்தனம். புதுப் பேக்கிங் வைத்து, போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மூன்று சுற்றில் முறுக்க வேண்டும்.

எண்ணெய்? வண்டிப் புத்தகத்தில் போட்டிருப்பது மட்டும். 'எல்லாம் ஒண்ணுதான் ஸார்' என்பது பொய். வடித்த அளவு ஊற்றிவிட்டு, புத்தகம் சொல்லும் முறைப்படி அளவு பார்க்க வேண்டும். பெரும்பாலும் இன்ஜின் ஓடும்போதே பார்க்கச் சொல்வார்கள். கூடுதலாக ஊற்றினாலும் நுரை கட்டிக் கெடுக்கும்.

நடுவழியில் வண்டி நின்றுபோனால்? மரக்காணத்திலிருந்து திண்டிவனம் 30 கிலோமீட்டருக்கு மேல். உப்பு லாரிக்காரர் நல்ல மனசோடு கயிறு கட்டி இழுக்க வருவார். கும்பிட்டு மறுத்துவிடுங்கள். இன்ஜின் ஓடாவிட்டால் எண்ணெய்ப் பம்பும் ஓடாது. இழுபடும் சக்கரம் கியர் பெட்டியை வறட்சியாகவே அரைக்கும். வண்டியைத் தூக்கி ஏற்றிக்கொண்டு போகும் வாகனம்தான் சரி.

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெங்கல் புயல் பாண்டிச்சேரி அருகே கரை கடந்தபோது மரக்காணம் பக்கமும் வெள்ளக்காடு. அப்படித் தண்ணீரில் நின்ற ஆட்டோமேட்டிக் வண்டியில் எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீர்கள்!

மற்ற நாட்களில், உப்பளம் பக்கம் போய்வந்தால் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவுங்கள். துரு பிடிக்காது என்று பழைய எண்ணெயை அடியில் பூசுகிறவர்கள் உண்டு. அது ரப்பரைக் கெடுத்து மண்ணைச் சேர்ப்பதுதான் மிச்சம். வடித்த எண்ணெயைக் கேனில் பிடித்து, கழிவு எண்ணெய் எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடச் சொல்லுங்கள். பக்கத்திலேயே கழுவெளி. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி. ஷெட் வாசல் சாக்கடையில் ஊற்றினால் அந்தச் சிவப்பு போய்ச் சேரும் இடங்களில் அதுவும் ஒன்று.