போகும்போது இல்லாத காற்று

மன்னார்குடி வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். ரோட்டர்டாமில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தாராம். "காற்றாலை பார்த்துட்டு வந்துடலாம்ப்பா, பதினஞ்சு கிலோமீட்டர்தான், வழியில ஒரு மேடு கிடையாது" என்று மகன் சைக்கிளை எடுத்துக் கொடுத்திருக்கிறார். கிண்டர்டைக் வரை உல்லாசமாகப் போனவருக்குத் திரும்பும்போது நாக்குத் தள்ளிவிட்டது. "அதே பாதை, அதே சைக்கிள். போகும்போது காற்று அடித்ததாகவே தெரியவில்லை. வரும்போது மட்டும் எங்கிருந்து வந்தது? இல்லை, எனக்குத்தான் வயதாகிவிட்டதா?" என்று கேட்கிறார்.

வயதுக்கு இதில் பங்கில்லை ஐயா. காற்று போகும்போதும் அடித்தது. உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வரலாற்றை ஒரே பத்தியில் முடித்துவிடுகிறேன். சுற்றுலாக் கையேடுகள் அதைப் போதுமான அளவு எழுதித் தள்ளிவிட்டன. ரோட்டர்டாமுக்குக் கிழக்கே, லெக், நோர்ட் என்ற இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் இருக்கிறது கிண்டர்டைக். கரை கட்டி, நீரை வெளியே இறைத்து மீட்ட தாழ்நிலம். இறைப்பதற்காக நிறுத்திய காற்றாலைகளில் 19 இன்றும் நிற்கின்றன. பெரும்பாலானவை 1738, 1740 வாக்கில் கட்டியவை. 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. இப்போது இறைக்கும் வேலையை மோட்டார்கள் பார்த்துக்கொள்கின்றன. வரலாறு போதும்.

அந்த நாட்டில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ வீசும். ரோட்டர்டாமிலிருந்து கிண்டர்டைக் கிழக்கே. ஆகவே போகும்போது காற்று முதுகில். காற்றின் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர், நீங்கள் மிதிப்பதும் 15 என்றால், உங்கள் முகத்தில் படும் காற்று பூஜ்யம். பாதையோர நாணல் எல்லாம் நீங்கள் போகும் திசைக்கே தலை சாய்த்து நிற்கும். ஆனால் காதில் இரைச்சல் இருக்காது, சட்டை படபடக்காது, நெற்றி வியர்வைகூட உலராது. நாம் காற்றை அறிவது காதாலும் தோலாலும்தான். இரண்டும் "காற்றே இல்லை" என்று சாட்சி சொல்லும்போது, வேகத்துக்கான பெருமையைக் கால் எடுத்துக்கொள்கிறது.

சரி, போகும்போது காற்று கொடுத்ததைத்தானே வரும்போது திருப்பி வாங்க வேண்டும்? கணக்கு நேராகிவிடாதா? ஆகாது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். காற்றின் தடை, முகத்தில் படும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடுகிறது. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்கு.

இதை ஒரு டோல்கேட்டாக வைத்துப் பாருங்கள். காற்றே இல்லாத நாளில் 15 கிலோமீட்டர் வேகத்துக்குக் கட்டணம் 10 ரூபாய். அதே வேகத்தில் காற்று எதிரே வந்தால் 40 ரூபாய். பின்னால் வந்தால் இலவசம். போக வரச் சேர்த்துக் காற்றில்லாத நாளில் 20 ரூபாய். காற்றுள்ள நாளில் 40. தள்ளுபடி 10, அபராதம் 30! நம் ஊர் டோல்கேட்டில் ஒரே நாளில் திரும்பி வந்தால் ஒன்றரை மடங்கோடு விடுகிறார்கள். இங்கே அந்தக் கருணையும் கிடையாது. இலவச கேட்டில் நொடியில் கடந்துவிடுவீர்கள். 40 ரூபாய் கேட்டில்தான் வரிசை நீளும், அங்கேதான் நாள் முழுக்க நின்றதாக நினைவிருக்கும். காற்று உங்களைவிட வேகமாகப் பின்னால் வந்தால், கேட்டில் இருப்பவர் உங்கள் சட்டைப் பையில் காசு வைத்து அனுப்புவார். எந்த நாட்டு டோல்கேட்டிலும் நடக்காதது என்பதால் உவமையை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

இனி நிஜ எண்கள். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் டச்சு சைக்கிள். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ. காலில் 60 வாட், அதாவது அவசரமில்லாத மிதி. டயரின் உராய்வையும் சேர்த்துக் கணக்கிட்டால், காற்றில்லாத நாளில் மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். 15 கிலோமீட்டர் காற்று முதுகில் இருந்தால் சுமார் 24.5. முகத்தில் இருந்தால் 9.5. பாதை 16 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், போவதற்கு 40 நிமிடம், திரும்ப 1 மணி 40 நிமிடம். மொத்தப் பயண நேரத்தில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் எதிர்க்காற்றிலேயே கழிகிறது. காற்று எப்போதும் நமக்கு எதிராகவே வீசுகிறது என்ற புலம்பலில், நேரக் கணக்குப்படி நியாயம் இருக்கிறது.

"வழியில் ஒரு மேடு கிடையாது" என்ற மகனின் வாக்குறுதியையும் பார்த்துவிடலாம். எதிர்க்காற்றிலும் 15 கிலோமீட்டர் வேகத்தை விடாமல் பிடித்தால், கூடுதலாகத் தள்ள வேண்டிய விசை, 100 மீட்டருக்கு 2 மீட்டர் உயரும் மேட்டில் ஏறுவதற்குச் சமம். 16 கிலோமீட்டருக்கு அது 300 மீட்டரைத் தாண்டுகிறது. ஐரோப்பாவில் உள்ள நெதர்லாந்தின் மிக உயர்ந்த இடமான வால்செர்பெர்க் 322 மீட்டர்தான். சமதரையில் ஓட்டியே அந்த நாட்டின் சிகரத்தில் ஏறி முடித்த கணக்கு. ஏறியதற்கு ஓர் இறக்கமாவது கிடைத்ததா? அதுவும் இல்லை.

பக்கக் காற்று இன்னும் வேடிக்கை. சரியாக விலாவில் அடிக்கும் காற்று உதவவும் செய்யாது, கெடுக்கவும் செய்யாது என்றுதான் தோன்றும். ஆனால் உங்கள் வேகத்தால் வரும் காற்றும் பக்கக் காற்றும் சேர்ந்து, மூலைவிட்டமாக ஒரு பெரிய காற்றாகத்தான் உடம்பில் படுகின்றன. வர்க்கம் போடுவது அந்தப் பெரிய வேகத்துக்கு. இரண்டும் சமவேகமானால், முன்னோக்கிப் போவதற்கான தடை 41 சதவீதம் கூடிவிடுகிறது. அப்படியானால் காற்று எந்தக் கோணத்துக்கு வந்தபிறகு உதவத் தொடங்கும்? நேர் பின்னாலிருந்து இரு பக்கமும் சுமார் 78 பாகைக்குள் வந்தால் மட்டும். 360 பாகையில் 156 நமக்குச் சாதகம், 204 பாதகம். எந்தத் திசையிலிருந்தும் சம வாய்ப்போடு காற்று வீசினாலும், பாதிக்கு மேல் எதிர்க்காற்றுதான்.

அந்த நிலத்தின் அமைப்பு இதற்குத் தூபம் போடுகிறது. காற்றின் வேகத்தைத் தரையருகே குறைப்பவை மரம், வீடு, வேலி முதலான முரட்டுப் பரப்புகள். தண்ணீரும் மாடு மேய்ந்த புல்லும் காற்றைப் பிடித்து நிறுத்துவதில்லை. கிண்டர்டைக்கில் ஏன் நிழலுக்கு மரம் நடக்கூடாது என்று கேட்கலாம். நடவிட மாட்டார்கள், ஆலைக்கு வரும் காற்றை மறைக்கக் கூடாது. பழைய காலத்தில் காற்றுரிமை என்றே ஒன்று இருந்தது. இன்றும் ஆலையைச் சுற்றிச் சில நூறு மீட்டருக்குக் கட்டடமும் மரமும் எவ்வளவு உயரலாம் என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். ஆலைக்காரர் வால்கம்பத்தை இழுத்து, ஆலையின் தலையையே காற்றை நோக்கித் திருப்பி, இறக்கைச் சட்டங்களில் பாய்த்துணியை விரிப்பார். காற்று வலுத்தால் துணியைச் சுருட்டிவிடுவார். சைக்கிளில் போகிறவருக்குச் சுருட்ட வழியில்லை. ஆனால் இறங்க வழியுண்டு. ஆற்றுக் கரையின் முகட்டில் ஏறும் காற்று அங்கே இன்னும் வேகம் பிடிக்கும். கரைக்குக் கீழே, காற்று மறைவில் ஓடும் பாதை எவ்வளவோ மேல். உங்கள் மன்னார்குடிப் பாமணியாற்றுக் கரையில் சைக்கிள் ஓட்டியவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

டச்சுக்காரர்கள் இந்த அவதியை ஒரு போட்டியாகவே ஆக்கிவிட்டார்கள். 2013 முதல், ஊஸ்டர்ஸ்கெல்டே கடல் தடுப்பணை மேல் 8.5 கிலோமீட்டருக்கு எதிர்க்காற்றுச் சைக்கிள் பந்தயம். கியர் கிடையாது, பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும் சாதாரண வண்டி. மணிக்கு 50 கிலோமீட்டருக்குக் குறையாத காற்று வரும் என்று வானிலை முன்னறிவிப்பு சொன்ன பிறகுதான் தேதியே அறிவிப்பார்கள். விளம்பரதாரர்கள் மயங்கும் வழவழப்பான பந்தயத்தைவிட இதில் இயற்பியல் அதிகம்.

விளம்பரம் என்றதும் ஒரு வார்த்தை. "எடை குறைவு" என்று சொல்லி ஒரு கிலோவுக்குப் பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். நம் 60 வாட் சவாரியில், சமதரையில், வண்டியின் எடை ஒரு கிலோ குறைந்தால் மிச்சமாவது அரை வாட்கூட இல்லை. காற்றைக் கிழிக்கும் ஹெல்மெட்டுக்குத் தரும் எண்கள் பெரும்பாலும் 45 கிலோமீட்டர் வேகத்துக்கானவை. அந்த வேகத்தில் நாணலையும் நாரையையும் பார்க்க முடியாது. பேட்டரி சைக்கிள் ஒரு சார்ஜில் போகும் தூரமும் எதிர்க்காற்றில் விளம்பரத்துக்கு வெகு முன்பே முடிந்துவிடும். இவற்றுக்கெல்லாம் பதிலாக முழங்கையை மடக்கிக் கொஞ்சம் குனிந்தால், காற்றை மறிக்கும் பரப்பு மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். எதிர்க்காற்றில் அது சுமார் 15 வாட். தொளதொளச் சட்டையை உள்ளே செருகுவதற்கும் செலவில்லை.

கிண்டர்டைக்குக்கு அடுத்த முறை போனால், திரும்புவதற்கு ஆற்றில் ஓடும் பயணிகள் படகைப் பிடியுங்கள், சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள். மன்னார்குடியிலிருந்து மேற்கே 14 கிலோமீட்டரில் உள்ள வடுவூர் ஏரிக்கும் இதே பொறி காத்திருக்கிறது. மார்கழியில் பறவை பார்க்கப் போகும்போது வாடைக்காற்று முதுகுப் பக்கம் இருக்கும். திரும்பும்போது முகத்துக்கு வரும். வெயில் ஏற ஏறத் தரைக்காற்று வலுக்கும் என்பதால், விடியலில் போய் வெயிலுக்கு முன் கிளம்பிவிடுங்கள். திசையைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் எதிர்க்காற்றில் புறப்படுங்கள். வாய்ப்பில்லையென்றால், கையிலுள்ள நேரத்தில் பத்தில் ஏழு பங்கைத் திரும்பி வருவதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.