மஞ்சள் விளக்கும் மாமாவின் முடிவும்

கடந்த செமஸ்டர் விடுமுறையில் சுங்கை சிப்புட்டில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். விசேஷங்களுக்குக் கூடாரமும் மேசை நாற்காலியும் வாடகைக்கு விடுவது மாமாவின் தொழில். அதற்காகவே மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு டீசல் பிக்கப் வாங்கினார். நான் போன அன்று வண்டி வாசலில் நின்றது. மாமா அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"மறுபடியும் அந்த மஞ்சள் லைட்டு எரியுதும்மா. வண்டி இழுக்கவே மாட்டேங்குது. இன்ஜினியரிங் படிக்கிற பொண்ணு நீ, சொல்லு. அந்த டிபிஎஃப்-ஐ வெட்டி எடுத்துடலாமா?"

நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. டீசல் இயந்திரத்தின் வெப்பச் சுழற்சியைப் படமாக வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால், மாமா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

பட்டறைக்காரர் இரண்டு வழிகளைச் சொல்லியிருந்தார். ஒன்று, புதிய வடிகட்டி. அதற்குப் பல ஆயிரம் ரிங்கிட் ஆகும். இன்னொன்று, இருக்கும் வடிகட்டியின் உள்பாகத்தை உடைத்து எடுத்துவிட்டு, வண்டியின் கணினி நிரலையும் மாற்றி, விளக்கு எரியாமல் செய்துவிடுவது. செலவும் குறைவு, ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். அடுத்த வாரத்தில் இரண்டு கல்யாணம், ஒரு காதணி விழா. மாமா எந்தப் பக்கம் சாய்ந்திருந்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"மூணு நாள் டைம் குடுங்க மாமா" என்றேன்.

வடிகட்டிக்குள் நடப்பது என்ன?

டிபிஎஃப் என்பது டீசல் புகையிலுள்ள துகள்களைப் பிடிக்கும் வடிகட்டி. வெளியே பார்த்தால் புகைக்குழாயின் நடுவே ஓர் இரும்பு டப்பா. உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. அதன் நுண்ணிய குழல்கள் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு முனையில் அடைக்கப்பட்டிருக்கும். உள்ளே நுழைந்த புகை நேராக வெளியேற முடியாது. பக்கச் சுவரிலுள்ள நுண்துளைகள் வழியாகத்தான் அடுத்த குழலுக்குப் போக வேண்டும். வாயு ஊடுருவிப் போய்விடும். கரித்துகள் சுவரிலேயே தங்கிவிடும். நல்ல நிலையில் இருக்கும் வடிகட்டி துகள்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் பிடித்துவிடுகிறது.

பிடித்த கரி சேர்ந்துகொண்டே போனால் வண்டிக்கு மூச்சு முட்டும். அதனால் அவ்வப்போது அதை எரித்துவிட வேண்டும். வடிகட்டியின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டைக் கணினி கவனித்துக்கொண்டே இருக்கும். கரி கூடிவிட்டால் கொஞ்சம் கூடுதல் டீசலைத் தெளித்து, வடிகட்டியின் சூட்டை ஏறக்குறைய 600 பாகை செல்சியஸ் வரை ஏற்றும். கரி எரிந்து போகும். வண்டி சீரான வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால், ஓட்டுநருக்கே தெரியாமல் இது நடந்து முடிந்துவிடும்.

இங்கே கரி வேறு, சாம்பல் வேறு. விறகடுப்பு பார்த்தவர்களுக்கு இது புரியும். அடுப்பில் மிஞ்சிய கரியை மறுநாளும் எரிக்கலாம். சாம்பலை எரிக்க முடியாது, அள்ளித்தான் கொட்ட வேண்டும். வடிகட்டியில் சாம்பல் சேர்வது பெரும்பாலும் இயந்திர எண்ணெயில் கலந்திருக்கும் பொருள்களால். அதனால்தான் இத்தகைய வண்டிகளுக்குச் சாம்பல் குறைவான தனி எண்ணெய் ஊற்றச் சொல்கிறார்கள்.

ஏன் அடைத்துக்கொண்டது?

இரண்டாம் நாள் மாமாவோடு வண்டியில் ஏறிக்கொண்டேன். கிடங்கிலிருந்து மண்டபம் நான்கு கிலோமீட்டர். அங்கே ஆட்கள் நாற்காலி இறக்கும்வரை இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. குளிர்சாதனம் வேண்டுமே! அங்கிருந்து தாமானில் ஒரு வீடு, பிறகு கடை, பிறகு மகளை அழைத்துவரத் தமிழ்ப்பள்ளி. நாள் முழுக்க ஓடினாலும் வண்டி ஒருமுறைகூட நன்றாகச் சூடேறவில்லை.

வடிகட்டி கரியை எரிக்கத் தொடங்கும்போதெல்லாம் மாமா சாவியைத் திருப்பி வண்டியை அணைத்திருக்கிறார். பாதி சமையலில் அடுப்பை அணைப்பது போலத்தான். அப்படி அடிக்கடி நின்றுபோனால், எரியாத டீசல் வழிந்து இயந்திர எண்ணெயிலும் கலக்கக்கூடும்.

வண்டிப் பெட்டியிலிருந்த கையேட்டை எடுத்தேன். மூன்று ஆண்டுகளாகியும் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. பிரித்துப் பார்த்தால், அந்த மஞ்சள் விளக்கைப் பற்றி ஒரு பக்கமே இருந்தது. விளக்கு எரிந்தால் நிறுத்தாமல் சீரான வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், அணையாவிட்டால் பட்டறைக்குக் கொண்டு போங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வண்டியை விற்றவர் இதை வாய்வார்த்தையாகக்கூட மாமாவிடம் சொல்லவில்லை.

வெட்டினால் என்ன ஆகும்?

வடிகட்டியை எடுத்துவிட்டால் வண்டி இலேசாக ஓடும், டீசல் கொஞ்சம் மிச்சமாகும் என்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. புகைக்குத் தடை குறைகிறது; கரியை எரிக்கக் கூடுதல் டீசலும் தேவைப்படாது. 2024 ஜூன் 10-இல் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியதை மாமா போன்ற சிறு வியாபாரிகள் மறக்கவில்லை. அவர்கள் போடும் கணக்கை யாரும் எளிதில் குறை சொல்லிவிட முடியாது.

ஆனால், அந்தக் கணக்கில் சில வரிகள் விடுபட்டுப் போகின்றன. வடிகட்டி அடைத்துக்கொள்ள வேறு கோளாறுகளும் காரணமாக இருக்கலாம். டீசல் தெளிப்பான் ஒழுகலாம், டர்போவில் கசிவு இருக்கலாம். விளக்கை அணைத்துவிட்டால் அந்தக் கோளாறு உள்ளேயே வளரும். உத்தரவாதமும் போய்விடும்.

அடுத்தது மூச்சுக் காற்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 2012-ஆம் ஆண்டு சேர்த்தது. புகைமூட்டக் காலத்தில் நாம் அஞ்சும் அதே நுண்துகள்கள்தாம் டீசல் புகையிலும் இருக்கின்றன. நம் நாட்டில் 2021 ஏப்ரல் முதல் யூரோ 5 டீசல் கட்டாயமானது. கந்தகத்தின் அளவு பத்து இலட்சத்தில் 500 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. இத்தகைய வடிகட்டிகள் ஒழுங்காக வேலை செய்யக் கந்தகம் குறைந்த டீசல் தேவை. நல்ல எண்ணெய் வந்த பிறகு வடிகட்டியை உடைப்பது என்ன நியாயம்?

டீசல் வண்டிகளின் கரும்புகைக்கு 1996-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிமுறைகள் வரம்பு வைத்திருக்கின்றன. ஆனால், கண்ணுக்குத் தெரியும் புகையை அளப்பதால் மட்டும் எல்லாம் பிடிபட்டுவிடாது. வடிகட்டி இல்லாத வண்டிகூடப் புகைச் சோதனையில் தேறிவிடலாம் என்பதால்தான், பிரிட்டனில் 2014 பிப்ரவரி முதல் ஆண்டுச் சோதனையில் வடிகட்டி இருக்கிறதா என்றே பார்க்கிறார்கள்.

"என் ஒரு வண்டியாலதானா?"

இதையெல்லாம் சொன்னபோது மாமா கேட்டார்: "ரோட்டுல எத்தனை லோரி கரும்புகை விட்டுட்டுப் போவுது. என் ஒரு வண்டியாலதான் காத்து கெட்டுப்போவுதா?"

நியாயமான கேள்வி. அமெரிக்காவில் பிக்கப் வைத்திருந்தவர்களும் இப்படித்தான் நினைத்திருப்பார்கள். அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. பத்தாண்டுகளில் 550,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் நீக்கப்பட்டிருந்தன. அவை கூடுதலாக வெளியிடும் மாசு, 90 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஒழுங்கான டீசல் பிக்கப் வண்டிகள் சாலையில் சேர்ந்ததற்குச் சமம் என்றது அந்த மதிப்பீடு. ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் 'என் ஒரு வண்டி'தான்.

மாமா பதில் பேசவில்லை. அவருக்கு அமெரிக்கா தூரம். அதனால் நான் பார்த்ததைச் சொன்னேன். "வண்டிய ரிவர்ஸ் எடுத்து கூடாரத்துக்குள்ளேயே நிறுத்துறீங்க மாமா. இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கு. பின்னாடி நாற்காலி இறக்குற அண்ணனுங்க அந்தப் புகையிலதான் நிக்கிறாங்க. ஸ்கூல் வாசல்லயும் அப்படித்தான். பாப்பா நிக்கிற இடத்தையும் புகைக்குழாய் இருக்கிற உயரத்தையும் பாருங்க."

அன்று மாலை பள்ளி வாசலில் அவர் இயந்திரத்தை அணைத்துவிட்டு, வெயிலில் இறங்கி நின்றார்.

மாமா எடுத்த முடிவு

மூன்றாம் நாள் வேறொரு பட்டறைக்குப் போனோம். அவர்கள் கணினியை இணைத்துப் பார்த்தார்கள். வடிகட்டியில் நிறைந்திருந்தது கரிதான். சாம்பல் இன்னும் மிஞ்சிப் போகவில்லை. வண்டியை நிறுத்திவைத்தே கரியை எரித்தார்கள். இதுவரை ஊற்றிவந்தது பொருந்தாத எண்ணெய் என்பதும் அங்கேதான் தெரிந்தது. எண்ணெயை மாற்றினார்கள். செலவு ஆனது, ஆனால் புதிய வடிகட்டியின் விலையோடு ஒப்பிட்டால் சொற்பம்.

இப்போது வாரம் ஒருமுறை மாமா ஈப்போ வரை வண்டியைச் சீராக ஓட்டுகிறார். அத்தைக்குத்தான் கொண்டாட்டம், சந்தைக்குப் போய் வந்துவிடுகிறார். நான்கு மாதங்களில் விளக்கு ஒருமுறை எரிந்தது. இரவோடு இரவாக ஒரு சுற்று ஓட்டினார், அணைந்துவிட்டது. கரி எரியும்போது வடிகட்டி கடும் சூடாக இருக்கும் என்பதால், காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்துவதில்லை.

"இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல வடிகட்டியே போச்சுன்னா என்ன பண்றது?" என்று அண்மையில் தொலைபேசியில் கேட்டார். சாம்பலைச் சுத்தம் செய்ய வழியிருக்கிறது என்றேன். புதிது வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நாள் வந்தால், அந்தச் செலவு அவருக்குச் சுமைதான். அதை நான் மறைக்கவில்லை.

நம் வீடுகளில் அப்பாவும் மாமாவும் உழைத்து வாங்கும் வண்டிகளின் கையேடுகள் பெரும்பாலும் உறை பிரியாமலேயே கிடக்கின்றன. அவர்கள் நம்மைப் பல்கலைக்கழகம் வரை படிக்க வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கி அதைப் பிரித்துப் படித்துச் சொல்லுங்கள். ஏன் எரிகிறது என்று தெரிந்த பிறகு, விளக்கை என்ன செய்வது என்று அவர்களே முடிவெடுப்பார்கள்.