செத்த மரம் சாட்சி சொல்லுது! வயது 2 கோடி ஆண்டு. துண்டு துண்டாகக் "கடத்தும்" ஆசாமிகள்

செஞ்சி, —

செஞ்சி என்றாலே ராஜா தேசிங்கு. 1714-ல் ஆற்காட்டு நவாப்பின் படையை எதிர்த்து மாண்ட வாலிப ராஜாவின் கதையைக் கேட்கத்தான் சனங்கள் இங்கே வருகிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் கோட்டை இடம் பிடித்துவிட்டது. ராஜகிரி மலையில் இப்போது கூட்டத்துக்குக் குறைவில்லை. குரங்குக்கும் குறைவில்லை!

ஆனால் இந்தக் கோட்டையே "நேற்றுப் பிறந்த குழந்தை" என்று சொல்லும்படி ஒரு கிழட்டுச் சாட்சி இதே விழுப்புரம் மாவட்டத்தில் படுத்துக் கிடக்கிறது.

அதுதான் திருவக்கரை கல்மரம்!

வெள்ளத்தில் வந்த பிணங்கள்

வானூர் தாலுகாவில் இருக்கிறது திருவக்கரை. ஊருக்கு சுமார் ஒரு கிலோமீட்டர் கிழக்கே போனால், செம்மண் மேட்டில் மரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. தூரத்தில் பார்த்தால் யாரோ வெட்டிப் போட்ட கட்டை மாதிரி இருக்கும். கிட்டே போய்த் தட்டினால்தான் தெரியும். கட்டை இல்லை, கல்!

மரத்தின் வளையமும் முடிச்சும் அப்படியே தெரிகின்றன. சில மரங்கள் 15 மீட்டர் நீளம்.

விஷயம் என்னவென்றால், எந்த மரத்துக்கும் வேரும் இல்லை, கிளையும் இல்லை, இலையும் இல்லை. போலீஸ் பாஷையில் சொன்னால், சம்பவம் நடந்த இடம் வேறு, பிணம் கிடந்த இடம் வேறு. எங்கேயோ வளர்ந்த மரங்களைப் பெருவெள்ளம் பிடுங்கி அடித்துக்கொண்டு வந்து இங்கே தள்ளியிருக்கிறது என்பதுதான் நிபுணர்களின் முடிவு.

மேலே மணல் மூடியது. காற்றுப் படாததால் மரம் மக்கவில்லை. தண்ணீரில் கரைந்திருந்த சிலிக்கா உள்ளே ஊறி ஊறி, மரம் இருந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கல் உட்கார்ந்துவிட்டது. இது நடந்து சுமார் 2 கோடி ஆண்டுகள்! புளிய மரத்தின் குடும்பம், ஆமணக்கின் குடும்பம் என்று சாதி கூடக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஊர்க்காரர்கள் சொல்லும் கதை வேறு. வக்கிராசூரன் என்ற அரக்கன் வதம் செய்யப்பட்டபோது சிதறிய எலும்புகளாம் இவை! வக்கிரகாளியம்மன் கோவில் கொண்ட ஊர் ஆயிற்றே, கதை அப்படித்தான் இருக்கும். வெட்டிப் போட்ட எலும்பு மாதிரிதான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது.

பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டது

ஐதர் அலியின் படை செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது 1780-ல். அடுத்த வருடம், சண்டை ஓயாத அதே காலத்தில், சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் இந்தக் கல்மரங்களைப் பற்றி எழுதினார். கோட்டைக்கு அடிதடி நடந்த நேரத்தில் மரத்தைப் பார்த்த மனுஷன் அவர் ஒருவர்தான் போலும்!

1940-ல் இந்திய புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியக் கல்மரப் பூங்கா ஆக்கியது. மொத்தம் 247 ஏக்கர். ஆனால் அது ஒரே இடமாக இல்லை. ஒன்பது துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. பொதுமக்கள் பார்க்கத் திறந்திருப்பது அதில் ஒரு சிறு பகுதிதான்.

பைக்குள் போகும் பொக்கிஷம்

வில்லங்கம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. 15 மீட்டர் மரத்தை எவனும் தூக்கிக்கொண்டு போக முடியாது. உடைந்து கிடக்கும் சில்லுகள் கதை அப்படி இல்லை. "ஞாபகார்த்தமா இருக்கட்டும்" என்று ஒன்றை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டு ஷோகேசில் பொம்மைக்குப் பக்கத்தில் வைக்கவாம்! நாலு நாள் கழித்து அது கல்லா மரமா என்று வீட்டிலே யாருக்கும் தெரியாது.

ஆளுக்கொரு சில்லு என்றால் எத்தனை நாள் தாங்கும்? கோட்டைச் சுவர் இடிந்தால் கொத்தனாரை வைத்துக் கட்டலாம். இதை யார் கட்டுவது?

சுற்றுவட்டாரத்தில் கல்குவாரிகளும் நடக்கின்றன. பூங்காவுக்கு வெளியே பூமிக்குள் இன்னும் மரம் புதைந்திருந்தால், ஜல்லியோடு ஜல்லியாகப் போய்விடாமல் பார்ப்பது அதிகாரிகள் பொறுப்பு. ஒன்பது துண்டுக்கும் வேலி, காவல் ஒழுங்காக இருக்கிறதா என்று அடிக்கடி போய்ப் பார்த்தால் தேவலை.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவக்கரை கோவிலில் ஜோதி தரிசனத்துக்குக் கூட்டம் நெரிகிறது. செஞ்சியில் இருந்து போகிறவர்கள் திண்டிவனம், மயிலம் வழியாகப் போகலாம். பகலிலேயே போனால் கல்மரத்தையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம். கையை மட்டும் பையில் போடாமல் வரவேண்டும்!